பிடிக்காத மாதிரி ஒரு லேப்டாப்

எங்கள் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வந்தது. வந்த சுருக்கில் திரும்பியும் போனது. வழி தவறி வந்த விருந்தாளிகூட ஒரு காபி குடித்துவிட்டுப் போவார்.

வேறு ஏதாவது எழுதலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் தெருவில் பாதிப் பேர் விசாரித்தாகிவிட்டது. மீதிப் பேருக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது. அதனால் மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலி டவுனிலிருந்து ஆழ்வார்குறிச்சிக்குத் தினமும் ரயிலில் போய்வரும் கணக்கு டீச்சர் நான். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். ஆனால் இந்தப் பத்தியை அந்த ரயிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து எழுதலாமே என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்பவர்கள் ஆண்களாகத்தான் இருப்பீர்கள்.

காலையில் வீட்டில் இட்லி, சட்னி, 'என் சாக்ஸ் எங்க?' சாயங்காலம் வந்தால் விடைத்தாள், சப்பாத்தி, 'என் கண்ணாடி எங்க?' நடுவில் எனக்கென்று மிச்சமிருப்பது அந்த மீட்டர்கேஜ் ரயிலின் ஜன்னலோரம் மட்டும்தான். போகும்போது கொஞ்ச நேரம், வரும்போது கொஞ்ச நேரம். மடியில் அட்டையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டே போவேன்.

இதற்கு வந்தது வேட்டு. பத்திரிகை ஆசிரியர் சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"மேடம், உங்க கையெழுத்து ஆரம்பத்துல முத்து முத்தா இருக்கு. அப்புறம் என்ன ஆகுதுன்னே தெரியல. ரெண்டாவது பக்கத்துலேர்ந்து கோழி கிளறின மாதிரி இருக்கு. கம்போஸ் பண்ற பையன் அழறான்."

சேரன்மாதேவி தாண்டினால் தண்டவாளம் அப்படி. சென்னையில் இருப்பவருக்கு அதை எப்படி விளக்குவது?

"அதுவும் இல்லாம, பொங்கல் இதழ்லேர்ந்து இங்க எல்லாமே கம்ப்யூட்டர்தான். ஃப்ளாப்பில போட்டு அனுப்பிடுங்க. முடியலைன்னா... தப்பா எடுத்துக்காதீங்க மேடம், உங்க பக்கத்தை வேற ஒருத்தருக்குக் கொடுக்கற மாதிரி இருக்கும்."

அந்த வேறு ஒருத்தர் யார் என்றும் அவரே சொன்னார். சென்னையில் ஓட்டல் ஓட்டலாகச் சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றி எழுதுபவராம். அவரிடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். எழுத வருமா என்று நான் கேட்கவில்லை. ஆசிரியரும் சொல்லவில்லை.

"சரி சார்" என்று சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. உங்களுக்கு இது ஒரு பக்கம். கடலை மடிக்கக்கூட ஆகும். எனக்கு அப்படி இல்லை. வாரம் முழுக்க நான் யாருக்காவது மனைவி, யாருக்காவது டீச்சர், யாருக்காவது மதினி. இந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். அதையும் ஓட்டல்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு போகச் சொல்கிறார்களா?

ரயிலில் மடியில் வைத்து எழுத வேண்டும். அப்படியானால் மேஜைமேல் வைக்கிற கம்ப்யூட்டர் சரிப்படாது. லேப்டாப்தான் வேண்டும்.

புது லேப்டாப் என்ன விலை என்று விசாரித்தேன். அதற்குப் பாளையங்கோட்டை ஓரமாக இடம் வாங்கிப் போட்டுவிடலாம் என்று தெரிந்தது. வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஒரு தம்பி, "மேடம், உங்க யூசேஜ் என்ன, கான்ஃபிகரேஷன் என்ன?" என்று கேட்டார். எழுத வேண்டும் என்றேன். "அதுக்குப் பேனா போதுமே மேடம்" என்றார். விவரமான தம்பி. நன்றாக வருவார்.

கடைசியில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர்தான் வழி சொன்னார். மேலப்பாளையத்தில் காதர் பாய் என்று ஒருவர். துபாயில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்தவர். அந்தக் கம்பெனியை மூடும்போது ஆபீஸ் சாமான்களையெல்லாம் வேலை பார்த்தவர்களுக்கே மலிவாகக் கொடுத்திருக்கிறார்கள். பாய் இரண்டு லேப்டாப்புகளோடு ஊர் வந்து சேர்ந்திருக்கிறார். இரண்டையும் விற்கப் போகிறாராம்.

நல்ல செய்திதானே? அதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் சொன்னேன்.

"அத்தானக் கூட்டிட்டுப் போவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அத்தான் என்றால் அவருடைய அக்காவின் கணவர். எனக்கு அண்ணாச்சி. கூட்டுறவுத் துறையில் சூப்பிரண்டு. அது அவர் சம்பளம் வாங்கும் வேலை. பேரம் பேசுவதுதான் அவருடைய உண்மையான வேலை. எங்கள் குடும்பத்தில் கிரைண்டர், கட்டில், கறவை மாடு, கல்யாண மண்டபம் எதுவாக இருந்தாலும் அண்ணாச்சி பேசி முடித்ததுதான். ரேஷன் கடையில் சீனிக்குப் பேரம் பேசிய மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். கூட ஒரு கரண்டி வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

கிளம்புவதற்கு முன்னால் எனக்குப் பாடம் நடந்தது.

"தங்கச்சி, நான் சொல்லுதத நல்லா மனசுல வாங்கிக்கோ. அங்கன போயி உனக்கு எது பிடிக்கோ அதத் திரும்பியே பாக்கக் கூடாது. உன் கண்ணுல லேசா ஆசை தெரிஞ்சாப் போதும், பாய் வெலய ஏத்திருவாரு."

"அப்ப எதத்தான் பாக்க அண்ணாச்சி?"

"பிடிக்காததப் பாரு. அதத் தொட்டுப் பாரு, தடவிப் பாரு, நல்லாருக்கேன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"எனக்கு எது பிடிச்சிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணாச்சி சிரித்தார். "எத்தன வருசமா சாமான் வாங்குதேன்! ஒரு மனுச மூஞ்சி தெரியாதா எனக்கு?"

மூன்று பேரும் ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போனோம்.

காதர் பாய் நல்ல மனிதர். டீ வந்தது, தேங்காய் பிஸ்கட் வந்தது, பிறகு இரண்டு லேப்டாப்புகளும் வந்தன. பாயின் மனைவி உள்வாசல் திரைச்சீலை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று சாம்பல் நிறம். இரண்டு பாடப்புத்தகங்களை அடுக்கி வைத்த அளவு. இன்னொன்று கறுப்பு. தையல் மெஷினின் தலைப்பாகத்தைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது.

பாய் சாம்பல் நிறத்தைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினார். ஒயர் இல்லை, பிளக் இல்லை. தானாக வெளிச்சம் வந்தது. "பேட்டரி நல்லா நிக்கும் டீச்சர். ரெண்டு மணி நேரம் தாராளமா ஓடும்" என்றார்.

எனக்கு உள்ளே என்னவோ செய்தது. ஆழ்வார்குறிச்சி போகப் போதும். பள்ளிக்கூடத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டால் வரவும் போதும். கொஞ்ச நேரம் நான் அதன் முன்னால் மனதுக்குள் உட்கார்ந்து எழுதியே விட்டேன்.

உடனே அண்ணாச்சியின் பாடம் ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்பிக் கறுப்பைப் பார்த்தேன்.

பாய் பதறிப்போனார். "டீச்சர், அது வேணாம். அதோட பேட்டரி மவுத்தாயிட்டு. கரண்டுல சொருவுனாத்தான் உசுரு வரும். வீட்டுக்குள்ள வச்சுக் கணக்குப் பாக்கதுன்னா சரி. நீங்க ரயில்ல கொண்டுபோறதுன்னா இந்தச் சின்னதுதான் லாயக்கு."

ஒரு வியாபாரி இவ்வளவு நேர்மையாகப் பேசினால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் தெரியுமா? ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். அண்ணாச்சியின் புருவம் ஏறியது.

நான் கறுப்பைத் தொட்டேன், தடவினேன். "நல்லாத்தான் இருக்கு. திடமா இருக்கு. கீயெல்லாம் பெரிசு பெரிசா இருக்கு" என்றேன். எனக்கு நடிப்பு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கண்ணீரே வந்திருக்கும்.

அண்ணாச்சி இரண்டையும் தூக்கிப் பார்த்தார். நாங்கள் எதையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். குத்துவிளக்கு, பித்தளைப் பானை, உருளி... கையில் கனம் இறங்கினால்தான் சரக்கு. கறுப்பைத் தூக்கியபோது அண்ணாச்சியின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. சாம்பலைத் தூக்கியதும் அது போய்விட்டது.

"என்ன பாய், உள்ள ஒண்ணும் இல்லையா?"

"அண்ணாச்சி, இந்தச் சாமான்ல கனம் கொறயக் கொறயத்தான் வெல கூட."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "கேட்டியா தங்கச்சி? காத்துக்கு வெல கேக்காரு" என்றார்.

பிறகு பேரம். அதை முழுக்க எழுதினால் ஆசிரியர் இரண்டு பக்கம் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பாய் ஒரு விலை சொல்வார். அண்ணாச்சி காது கேட்காதவர் போல டீயைக் குடிப்பார். பாய் தன் மூன்று பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். அண்ணாச்சி தன் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்வார். எந்த லேப்டாப்புக்குப் பேசுகிறார்கள் என்றே தெரியாதபடி பேச்சு இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அண்ணாச்சியின் தனித் திறமை என்று நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அந்தக் கட்டம் வந்தது. எழுந்து போகும் கட்டம்.

"எந்திரி மாப்ளே. நமக்குச் சரிப்படாது. வா தங்கச்சி."

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோபமாக எழுந்திருக்கலாம். ஆனால் செருப்பைப் பையத்தான் மாட்ட வேண்டும். கூப்பிடுவதற்குக் கடைக்காரருக்கு அவகாசம் வேண்டாமா? அண்ணாச்சி ஒரு செருப்பை மாட்டினார். தும்மினார். வேட்டியைச் சரிசெய்தார். நானும் என் வீட்டுக்காரரும் அதற்குள் தெருவில் ஆட்டோ பக்கத்தில் போய் நின்றுவிட்டோம். இரண்டாவது செருப்பு பாதி நுழைந்திருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிட்டா எப்படி? இங்கன வாங்க."

அண்ணாச்சி எங்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தனியாக உள்ளே போனார். நான் தெருவில் நின்று நெல்லையப்பரை வேண்டிக்கொண்டேன். குறைகிறதோ குறையவில்லையோ, அந்தச் சாம்பலோடு வந்தால் போதும்.

வெளியே வந்தார். கையில் ஒரு பெரிய பை. தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"முடிச்சாச்சு! சொன்னதுல பாதி!" என்று எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் பையை என் மடியில் இறக்கினார். இறங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தொடை சொன்னது.

"அண்ணாச்சி... இது கறுப்புல்லா?"

"பின்ன? நீ அதயே தடவிக்கிட்டு இருந்தியே. பாத்தேன்லா. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. பாயி அத ஒளிச்சு வைக்கத்தான் என்னெல்லாம் சொன்னாரு! பேட்டரி இல்லங்காரு, ரயிலுக்கு ஆவாதுங்காரு. விடுவனா?"

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஆட்டோ பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதில் அவருக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் அவ்வளவு அக்கறை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே நீ நெசமா சொல்லுதியா, நடிக்கியான்னு தெரியலையே."

"சரி, இப்பவாவது அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க."

"அத்தான் தெரு பூரா சொல்லிட்டு வாராரு. இப்பப் போயி மாத்தணும்னா அவரு மனசு என்ன பாடுபடும்?"

"என் மனசு?"

"நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவே" என்றார். அன்போடுதான் சொன்னார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை அதை ரயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, திறந்து, பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அதுவும் அவ்வளவு நன்றாக இல்லை.

எதிர் சீட்டில் தினமும் சீட்டு விளையாடிக்கொண்டு வரும் பேங்க்காரர் ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், நீங்க உபயோகிக்கலன்னா அந்தப் பொட்டியக் கொஞ்சம் தாரீயளா? சீட்டு போட வசதியா இருக்கும்."

கொடுத்தேன். நான்கு பேர் முழங்காலுக்கு நடுவில் அது அருமையாக உட்கார்ந்தது. வீரவநல்லூர் வளைவில்கூட அசையவில்லை. அண்ணாச்சி சொன்னது சரிதான், கனத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த வாரம் முழுக்க அதை அவர்கள் உபயோகித்தார்கள். நான் வயலைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் மறுபடியும் கூப்பிட்டார். "மேடம், ஃப்ளாப்பி ரெடியா? ஓட்டல்காரர் நாலு வாரத்துக்கு இப்பவே அனுப்பிட்டார்." வருகிற வாரம் அனுப்புகிறேன் என்றேன். "அதுக்கு மேல என்னால முடியாது மேடம்" என்றார். குரல் தணிந்துதான் இருந்தது. அதனால் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆட்டோ ஏறினேன். வீட்டுக்காரரிடம் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. மேலப்பாளையம் போகிறேன் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது.

பாய் என்னைப் பார்த்ததும் வாசலுக்கே வந்துவிட்டார். பையைப் பார்த்தார், புரிந்துவிட்டது. "அன்னைக்கே சொன்னேன்லா டீச்சர்? மவுத்துன்னு சொன்னா, 'ஒளிச்சு வைக்கப் பாக்கீரு'ன்னுட்டாவ அண்ணாச்சி. அத யாராவது எடுத்துட்டுப் போனாப் போதும்னுல்லா இருந்தேன் நான். சும்மா கேட்டாலே குடுத்திருப்பேன்."

அண்ணாச்சியின் வெற்றிக்கு நான் மனதுக்குள் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினேன்.

மேஜைமேல் அந்தச் சாம்பல் லேப்டாப் அப்படியே இருந்தது. அதைக் காட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாய் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஜவுளிக்கடையில் பிடித்த சேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்துச் சேலையை விரிக்கச் சொல்கிறோம். விருந்துக்குப் போன வீட்டில் பசி உயிர் போகும், 'வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்' என்கிறோம். அவர்களும் மூன்று தடவை கேட்டாக வேண்டும், நாமும் மூன்று தடவை மறுத்தாக வேண்டும். காலேஜில் சேரும்போது எனக்குத் தமிழ் படிக்க ஆசை. அப்பா கேட்டபோது 'எதுன்னாலும் சரிப்பா' என்றேன். கணக்கு டீச்சர் ஆனேன். எதுன்னாலும் சரி, உங்க இஷ்டம், எனக்கு ஒண்ணுமில்ல... இந்த மூன்றையும் சொல்லியே ஒரு பெண்பிள்ளை பாதி ஆயுளை ஓட்டிவிடலாம். நான் ஓட்டியிருக்கிறேன்.

"பாய், எனக்கு அந்தச் சின்னது ரொம்பப் பிடிச்சிருக்கு. அன்னைக்கே பிடிச்சிருந்துச்சு. அதுதான் வேணும்" என்றேன். சொல்லி முடித்தபோது காது சூடாகிவிட்டது.

பாய் திடுக்கிட்டார். சுதாரித்துக்கொண்டு விலையைச் சொன்னார். கறுப்புக்குக் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தரலாம் என்றார்.

"சரி" என்றேன்.

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான் பாய். குடுத்துருதேன்."

பாயின் முகம் கலங்கிவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி எங்கயாவது நிக்காவளா?"

"இல்ல பாய். நான் மட்டும்தான் வந்தேன்."

"அப்பம் ஏன் டீச்சர் பேச மாட்டேங்கீங்க?"

"பிடிச்சிருக்கு. அதான்."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மனிதர் நிஜமாகவே தவித்தார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். நீங்க பேசுவீங்கன்னுல்லா நான் கூட்டிச் சொன்னேன்? நீங்க பேசலன்னா நான் எங்கன நின்னு எறங்க? அப்படியே வாங்குனா எனக்கு அது ஹராம், பாவமால்லா போயிரும்!"

"சரி, நீங்களே சொல்லுங்க."

பாய் ஒரு படி இறங்கினார். சரி என்றேன். அதிலும் கொஞ்சம் கூட்டல் இருந்தது போலிருக்கிறது, முகம் தெளியவில்லை. இன்னொரு படி இறங்கினார். அதற்கும் சரி என்றேன். நான் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எதிரில் ஒரு மனிதர் தன்னோடு தானே பேரம் பேசி, தானே தோற்றுக்கொண்டிருந்தார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, ஒரே வெலயாச் சொல்லி முடிங்களேன். அவுங்க கண்ணு அன்னைக்கே அதுமேலதான் கெடந்துச்சு. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

ஒருவருக்கு முகம் தெரிந்திருக்கிறது. நாங்கள்தான் அவரைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். தான் வென்ற சாமானைப் பார்த்துவிட்டுப் போக வாராவாரம் வருவது வழக்கம். நேராக மேஜைக்குப் போய் லேப்டாப்பைத் தூக்கினார். கை சர்ரென்று மேலே போய்விட்டது.

"என்ன மாப்ளே, கனம் கொறஞ்சிருக்கு? நிறமும் வேறயா இருக்கு?"

என் வீட்டுக்காரருக்கு வியர்த்தது. "உள்ள இருந்த தேவையில்லாததையெல்லாம் அழிச்சாச்சு அத்தான்" என்றார். இருபது வருடத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல பொய். அண்ணாச்சி தலையைக்கூட ஆட்டிவிட்டார். அப்படியே விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை.

"இல்ல அண்ணாச்சி. அது எனக்குப் பிடிக்கல. இதுதான் பிடிச்சிருந்துச்சு. நானே போயி மாத்திட்டு வந்துட்டேன்."

அண்ணாச்சி லேப்டாப்பை மெதுவாகக் கீழே வைத்தார். முகம் சுண்டிவிட்டது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எங்களுக்காக எத்தனை கடை ஏறி இறங்கியவர்!

லேப்டாப்பை மறுபடி ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன வெலைக்குக் குடுத்தாரு?" என்றார்.

சொன்னேன். அவர் இறக்கியதைவிடப் பாய் தானாக இறங்கியதுதான் அதிகம்.

"என்ன பேசுன?"

"ஒண்ணுமே பேசல அண்ணாச்சி. பிடிச்சிருக்குன்னு சொன்னேன். சும்மா இருந்தேன்."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்த மாசம் நம்ம வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் எடுக்கணும் தங்கச்சி. நீ வரணும். வந்து, அதே மாதிரி ஒண்ணும் பேசக் கூடாது" என்றார். திருந்துகிற ஆள் இல்லை.

அவர் போன பிறகு நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டி.வி.யில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீ என்னைய நிமிந்தே பாக்கலல்லா? என் கூட வந்திருந்தானே, எங்க சித்தப்பா மகன்... அவன்கிட்டத்தான் இன்னொரு வாட்டி காபி வேணுமான்னு கேட்ட. சிரிச்சுக்கிட்டே வேற கேட்ட."

இருபது வருடமாக இதை மனிதர் உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பதில் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பாயிடம் சொன்ன வார்த்தைதான். ஆனால் பாயிடம் வந்த தைரியம் இங்கே வரவில்லை. அதுவும் போக, ஆளுக்கு விலை ஏறிவிட்டால் பிறகு யார் சமாளிப்பது? "வேலை இருக்குங்க" என்று திரையைப் பார்த்துக்கொண்டேன்.

அதனால் இங்கே எழுதுகிறேன். பிடித்திருந்தது. அன்றைக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மனைவி எழுதுவதை இவர் படிக்கிறாரா இல்லையா என்பது இந்த இதழ் வந்ததும் தெரிந்துவிடும்.